டைரக்ட்எக்ஸ் 11இல் எழுதிய விளையாட்டை 12க்கோ வல்கனுக்கோ மாற்றுவதால் உண்மையில் வேகம் கூடுமா?

முக்கோணம் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். நானும் என் கல்லூரித் தோழர் ஒருவரும் மூன்று ஆண்டுகளாக வார இறுதிகளில் ஒரு நகரமைப்பு விளையாட்டை எழுதி வருகிறோம். ஆயத்த எஞ்சின் எதையும் எடுத்துக்கொள்ளாமல், சி++ மொழியில், விண்டோஸின் வரைகலை ஏபிஐயான (நிரல் வரைகலை அட்டையிடம் வேலை சொல்லும் இடைமுகம்) டைரக்ட்எக்ஸ் 11ஐ நேரடியாக அழைத்தே எழுதியிருக்கிறோம். அப்படிச் செய்தது அறிவுடைமையா என்ற கேள்வியை இங்கே யாரும் எழுப்ப வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன்.

நகரம் சிறியதாக இருக்கும் வரை ஒரு ஃபிரேம் 16 மில்லிநொடிக்குள் முடிந்துவிடுகிறது. கேமராவை மேலே தூக்கி ஊர் முழுவதும் தெரியும்படி வைத்தால், வீடு, மரம், விளக்குக் கம்பம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு டிரா கால் (வரையச் சொல்லும் ஓர் அழைப்பு) வீதம் ஏறத்தாழ 6000 டிரா கால்கள் ஆகின்றன. ஃபிரேம் நேரம் 34 மில்லிநொடியைத் தொடுகிறது. அந்த நேரத்தில் ஜிபியு (வரைகலைச் சில்லு) பாதிக்கு மேல் சும்மா இருக்கிறது. சிபியுவில் உள்ள எட்டு கோர்களில் ஒன்று மட்டும் முழு மூச்சாக ஓட, மற்றவை வேடிக்கை பார்க்கின்றன. இதைச் சொன்னதும் நண்பர்கள் அனைவரும் ஒரே குரலில் "12க்கு மாறு, இல்லையென்றால் வல்கனுக்குப் போ" என்கிறார்கள். (வல்கன் என்பது பல இயங்குதளங்களில் ஓடும் இன்னொரு புதிய ஏபிஐ.)

ஆனால் விளையாடுபவனாக என் அனுபவம் வேறு மாதிரி இருக்கிறது. 11, 12 என இரண்டையும் தேர்ந்தெடுக்க வசதி தரும் விளையாட்டுகள் சிலவற்றில், 12ஐத் தேர்ந்தால் சராசரி ஃபிரேம் எண்ணிக்கை கூடினாலும், புதிய இடத்துக்குள் நுழையும்போதெல்லாம் படம் ஒரு கணம் திக்கி நிற்கிறது. 11இல் அந்தத் திக்கல் குறைவு. புதியது வேகமானது என்றால் இது ஏன் நேர்கிறது? பழைய ஏபிஐக்கும் புதிய ஏபிஐக்கும் இடையே அடிப்படையில் மாறியது என்ன? எங்களைப் போன்ற இருவர் குழு மாறுவது பயன் தருமா?

பட்டறைக்காரன் எழுதியது:

உங்கள் அளவீட்டிலேயே பாதி விடை இருக்கிறது. ஜிபியு சும்மா இருக்க ஒரே ஒரு கோர் மட்டும் மூச்சுமுட்டுகிறது என்றால், வரைவதில் தாமதம் இல்லை, வரையச் சொல்வதில்தான் தாமதம். புதிய ஏபிஐகள் குறைக்க வந்தது பெரும்பாலும் இந்தச் சொல்லும் செலவைத்தான். ஒரு பிக்சலுக்கு ஷேடர் (ஜிபியுவில் ஓடும் சிறு நிரல்) எடுத்துக்கொள்ளும் நேரம் எந்த ஏபிஐ வழியாக அழைத்தாலும் கிட்டத்தட்ட ஒன்றே; ஆகவே 4கே திரையில் ஜிபியுவே திணறும் ஒரு விளையாட்டை 12க்கு மாற்றினால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது.

11இல் நீங்கள் டிரா காலை அழைக்கும்போது உங்களிடம் சொல்லாமலே டிரைவர் (அட்டையை இயக்கும் மென்பொருள்) செய்யும் வேலைகளைப் பாருங்கள். ஷேடருக்கான தரவு இருக்கும் ஒரு கான்ஸ்டன்ட் பஃபரை டிஸ்கார்டு முறையில் (பழைய உள்ளடக்கம் வேண்டாம் என்று சொல்லி) மேப் செய்து, அதாவது எழுதத் திறந்து, அடுத்த வீட்டின் இடத்தைக் குறிக்கும் மேட்ரிக்ஸை எழுதுகிறீர்கள். சற்று முன் அனுப்பிய டிரா காலுக்காக அதே பஃபரை ஜிபியு இன்னும் படிக்காமலே இருக்கக்கூடும். எனவே டிரைவர் சத்தமில்லாமல் வேறொரு நினைவகத் துண்டை எடுத்து, அதற்குப் பழைய பஃபரின் பெயரையே சூட்டி உங்கள் கையில் கொடுக்கிறது. நிழலுக்காக ஒரு டெக்ஸ்சரில் (ஜிபியு படிக்கும் படத்தில்) வரைந்துவிட்டு அடுத்த கட்டத்தில் அதையே படிக்கிறீர்கள். வரைந்து முடித்த பிறகுதான் படிக்க வேண்டும் என்று உங்கள் நிரலில் எங்கும் எழுதியிருக்க மாட்டீர்கள், ஏனெனில் அதைக் கண்டுபிடித்து இடையில் தடுப்பு வைப்பதும் டிரைவரின் பொறுப்பு. அட்டையின் நினைவகம் நிரம்பினால் எதை வெளியேற்றுவது, எதைத் திரும்பக் கொண்டுவருவது என்பதும் உங்கள் கவலை அன்று. இந்தச் சரிபார்ப்புகளை உங்கள் ஊருக்காக டிரைவர் ஒரு ஃபிரேமில் 6000 முறை செய்கிறது, அதுவும் பெரும்பாலும் ஒரே த்ரெட்டில் (ஒரு கோரில் ஓடும் வேலைச் சரட்டில்).

12இலும் வல்கனிலும் இந்தக் கணக்கு முழுவதும் உங்கள் கைக்கு வருகிறது. ஒரே பஃபரின் இரண்டு மூன்று பிரதிகளை நீங்களே வைத்துக்கொண்டு, ஜிபியு எதைப் படித்து முடித்தது என்பதை ஃபென்ஸ் (வேலை முடிந்ததைக் காட்டும் அடையாளம்) மூலம் நீங்களே அறிய வேண்டும். ஒரு டெக்ஸ்சர் வரையப்படும் நிலையிலிருந்து படிக்கப்படும் நிலைக்கு மாறும் இடத்தில் பேரியரை (மேலே சொன்ன தடுப்பை) நீங்களே எழுத வேண்டும். மறந்தால் ஒரு நிறுவனத்தின் அட்டையில் சரியாகத் தெரியும், இன்னொன்றில் படம் குப்பையாகும், இன்னொன்றில் ஜிபியு தொங்கி, விண்டோஸ் இயல்பாக வைத்திருக்கும் இரண்டு நொடிக் கெடு முடிந்ததும் டிரைவரையே மீட்டமைத்துவிடும். இதற்கு ஈடாகக் கிடைப்பது என்னவென்றால், கட்டளைப் பட்டியல்களை ஒவ்வொரு கோரிலும் தனித்தனியாகப் பதிவு செய்து கடைசியில் ஒன்றாக அனுப்பலாம். 11இலும் 'டிஃபர்டு கான்டெக்ஸ்ட்' என்ற பெயரில் இதற்கு ஓர் ஏற்பாடு 2009இலேயே இருந்தது. ஆனால் அவற்றைக் கடைசியில் இயக்கும்போது மேலே சொன்ன கணக்குகளை டிரைவர் ஒற்றை வரிசையில்தான் சரிபார்த்தாக வேண்டியிருந்ததால், எதிர்பார்த்த பலன் பல இடங்களில் கிடைக்கவில்லை.

ஆக, மாறியது வேகம் என்பதைவிட, பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்பதே. டிரைவர் ஊகிப்பதைவிட உங்களுக்குக் கூடுதலாகத் தெரிந்த இடங்களில்தான் லாபம். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் 11இல் இருந்த வரைகலைப் பகுதியை 12க்கு மாற்றினோம். முதல் வடிவம் பழையதைவிட மெதுவாக ஓடியது. அச்சத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே ஒரு பேரியரை வைத்து, ஜிபியு எல்லா வேலையையும் முடிக்கும் வரை காத்திருக்கச் செய்திருந்தோம். பழைய டிரைவர் அத்தனை அச்சப்பட்டதில்லை. அதைத் தாண்டி வரவே எங்களுக்குப் பல மாதங்கள் ஆயின.

உங்களுக்கு என் யோசனை: முதலில் அந்த 6000ஐக் குறையுங்கள். ஒரே மரம் ஆயிரம் இடங்களில் நிற்கிறது என்றால் அது ஆயிரம் டிரா கால்களாக இருக்கத் தேவையில்லை. ஒரே பொருளின் பல பிரதிகளை ஒரே அழைப்பில் வரையும் இன்ஸ்டன்சிங் அதற்காகவே இருக்கிறது. 11.1இலிருந்து ஒரே பெரிய கான்ஸ்டன்ட் பஃபரில் எல்லாப் பொருள்களின் தரவையும் ஒருமுறை எழுதிவிட்டு, டிரா காலுக்கு டிரா கால் தொடங்கும் இடத்தை மட்டும் மாற்றிக் கட்டலாம். விண்டோஸ் 8 முதல் உள்ள இந்த வசதியைப் பலர் கவனிப்பதே இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருமுறை மேப் செய்வது இதனால் நின்றுபோகும்.

பழையபெட்டி எழுதியது:

பட்டறைக்காரன் சொன்னதில் மறுக்க ஒன்றும் இல்லை. ஆனால் "பழையது எளிது, புதியது கடினம்" என்று ஒரு கோடு கிழித்துவிட்டால் வரலாறு பொய்யாகிவிடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

1996இல் வந்த முதல் டைரக்ட்3டியை (டைரக்ட்எக்ஸின் முப்பரிமாண வரைகலைப் பகுதியை) எளிமையானது என்று யாரும் அழைத்ததில்லை. கட்டளைகளை 'எக்ஸிக்யூட் பஃபர்' என்ற நினைவகப் பகுதியில் நிரலாளரே அடுக்கி, மொத்தமாக இயக்கச் சொல்ல வேண்டும். இன்றைய கட்டளைப் பட்டியலின் தாத்தா என்றே அதைச் சொல்லலாம். அந்த ஆண்டு டிசம்பரில் குவேக் விளையாட்டின் நிரலாளர் ஜான் கார்மாக் அதை வெளிப்படையாகச் சாடி, ஓப்பன்ஜிஎல்லின் பக்கம் நின்றார். 1992இல் சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் பணிநிலையங்களுக்காக வெளியிட்ட ஓப்பன்ஜிஎல், முக்கோணத்தின் முனைகளை ஒவ்வொன்றாகச் சொன்னால் போதும் என்ற அளவுக்கு எளிமையாக இருந்தது. 1997இல் டைரக்ட்எக்ஸ் 5 வந்தபோதுதான் டைரக்ட்3டியிலும் 'டிராபிரிமிட்டிவ்' என்ற நேரான வழி கிடைத்தது. இதற்கிடையே 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ அட்டைகளுக்கு மட்டும் கிளைடு என்ற தனி ஏபிஐ இருந்தது. வன்பொருளுக்கு மிக அருகில் இருந்ததால் அது வேகமாக ஓடியது. ஆனால் அந்த நிறுவனம் 2000இன் இறுதியில் கடையைக் கட்டியபோது கிளைடை மட்டுமே நம்பி எழுதப்பட்டவை அனாதையாயின. வன்பொருளோடு ஒட்டி உறவாடுவதன் விலை அது.

டைரக்ட்எக்ஸ் 9 வெளிவந்தது 2002 டிசம்பரில். அதை இன்றுவரை பலர் பாசத்தோடு பேசுகிறார்கள். நானும் அதில்தான் கற்றுக்கொண்டேன். ஆயினும் அதன் உள்ளே எத்தனை வேண்டாத சுமைகள் இருந்தன என்பதை மறக்கக் கூடாது. ஒவ்வோர் அட்டையும் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைக் கேப்ஸ் பிட்டுகளின் நீண்ட பட்டியலில் தேடிப் பார்க்க வேண்டும். ஆல்ட், டேப் விசைகளை அழுத்தி வேறு சாளரத்துக்குப் போய் வந்தால் டிவைஸ் தொலைந்துவிடும். டெக்ஸ்சர்களை மீண்டும் ஏற்ற வேண்டும். இதைத் தவிர்க்க 'மேனேஜ்டு பூல்' பயன்படுத்தினால், ஒவ்வொரு டெக்ஸ்சருக்கும் கணினி நினைவகத்தில் ஒரு பிரதி தங்கிவிடும். 32 பிட் நிரல்களில் அது பெரிய தலைவலி. பிக்சலின் நடுப்புள்ளி அரைப் பிக்சல் தள்ளி இருந்ததால் திரை முழுவதும் விரியும் விளைவுகள் மங்கலாகத் தெரிந்ததற்காக நான் ஒரு வாரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக, விண்டோஸ் எக்ஸ்பியில் டிரைவரின் வரையும் பகுதி கெர்னலில் (இயங்குதளத்தின் உட்கருவில்) இருந்ததால், டிரா கால்களின் செலவு இன்றைவிடப் பலமடங்கு. "தொகுத்து அனுப்பு" என்பது அந்நாளில் மந்திரம்போல் ஓதப்பட்டது.

உண்மையான வீடு சுத்தம் செய்தல் நடந்தது டைரக்ட்3டி 10இல். கேப்ஸ் பிட்டுகள் போயின, நிலையான பைப்லைன் (ஷேடர் இல்லாத பழைய வரையும் முறை) போயிற்று, நிலைகள் தனித்தனிப் பொருள்களாகத் தொகுக்கப்பட்டன, கான்ஸ்டன்ட் பஃபர் வந்தது, அரைப் பிக்சலும் நேரானது. விண்டோஸ் விஸ்டாவின் புதிய டிரைவர் அமைப்பில் பெரும்பகுதி வேலை கெர்னலுக்கு வெளியே வந்தது. ஆனால் விஸ்டாவில் மட்டுமே ஓடும் என்று வைத்ததால், எக்ஸ்பியை விட மறுத்த கோடிக்கணக்கானவர்களை இழக்க மனமில்லாத நிறுவனங்கள் 9இலேயே தங்கிவிட்டன. 2009இல் வந்த 11, அந்தச் சுத்தமான வீட்டில் டெசலேஷனும் (பரப்பை நுண்ணிய முக்கோணங்களாகப் பிரித்தல்) கம்ப்யூட் ஷேடரும் (பொதுக் கணக்குகளுக்கான ஷேடர்) சேர்த்துக்கொண்டு, பழைய அட்டைகளையும் 'ஃபீச்சர் லெவல்' என்ற பெயரில் அரவணைத்துக்கொண்டதால் நிலைத்தது. முக்கோணம் இன்று எளிமை என்று உணர்வது 13 ஆண்டுத் தவறுகளைத் திருத்தி எடுத்த எளிமை. 12க்கு இன்னும் அந்த வயது ஆகவில்லை.

நிழலாக்கி எழுதியது:

திக்கல் பற்றிய கேள்விக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை. அதற்கான காரணம் மிகவும் குறிப்பானது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஷேடரை நாம் எச்எல்எஸ்எல் என்ற மொழியில் எழுதி இடைநிலை வடிவத்துக்கு மாற்றி விளையாட்டோடு அனுப்புகிறோம். அதை அந்தந்த ஜிபியுவின் சொந்தக் கட்டளைகளாக மாற்றுவது வாங்கியவரின் கணினியில் உள்ள டிரைவரின் வேலை. 11இல் வெர்டெக்ஸ் ஷேடர் (முனைகளுக்கு), பிக்சல் ஷேடர், பிளெண்ட் நிலை (வண்ணக் கலப்பு), ராஸ்டரைசர் நிலை (முக்கோணத்தைப் பிக்சலாக்கும் விதம்) என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பொருத்தலாம். ஆனால் பல ஜிபியுக்களில் பிளெண்ட் நிலையோ, திரையின் வண்ண வடிவமோ மாறினால் ஷேடரின் இறுதிக் கட்டளைகளே மாற வேண்டியிருக்கும். எந்த நிலை எந்த ஷேடரோடு சேரப்போகிறது என்பது டிரா கால் வரும் கணம் வரை டிரைவருக்குத் தெரியாது. எனவே அப்போதும் திடீர்த் தொகுப்பு நடந்தது, அப்போதும் திக்கல் இருந்தது. டிரைவர் எழுதுபவர்கள் பின்னணி த்ரெட்டுகளில் தொகுத்தும், தற்காலிகமாகப் பொது வடிவம் ஒன்றைப் பயன்படுத்தியும், பெயர்பெற்ற விளையாட்டுகளுக்கென்றே தனிச் சலுகைகளை டிரைவருக்குள் எழுதியும் அதைப் பல ஆண்டுகளாக மறைத்து வந்தார்கள்.

12உம் வல்கனும் இதற்கு நேர்மையான தீர்வு ஒன்றை முன்வைத்தன. ஷேடர்களையும் இந்த நிலைகளையும் சேர்த்துப் பைப்லைன் என்ற ஒரே பொருளாக முன்கூட்டியே உருவாக்கிவிடுங்கள். அப்படிச் செய்தால் வரையும் நேரத்தில் எந்த வியப்பும் இருக்காது. தாளில் இது மிகச் சரியான ஏற்பாடு. நடைமுறையிலோ, கலைஞர்கள் மெட்டீரியல்களை இழுத்து இணைத்து உருவாக்கும் இன்றைய எஞ்சின்களில் சாத்தியமான சேர்க்கைகள் ஆயிரக்கணக்கில் பெருகிவிடுகின்றன, அவற்றில் எவை உண்மையில் தேவைப்படும் என்பது விளையாட்டை ஓட்டிப் பார்க்கும் வரை எஞ்சினுக்கே தெரிவதில்லை. தேவைப்பட்ட கணத்தில் உருவாக்கினால் திக்கும். டிரைவரிடம் இருந்த மறைக்கும் வித்தையும் இப்போது இல்லை. நீங்கள் புதிய இடத்துக்குள் நுழையும்போது நின்றது இதனால்தான். சில விளையாட்டுகள் தொடக்கத்திலேயே "ஷேடர்கள் தயாராகின்றன" என்று பல நிமிடங்கள் காக்க வைப்பதும் இதே சிக்கலைக் கடக்கத்தான். டிரைவரைப் புதுப்பித்தால் அந்தச் சேமிப்பு செல்லாததாகி, மறுபடியும் முதலிலிருந்து. கன்சோல்களில் வன்பொருள் ஒன்றே என்பதால் இறுதிக் கட்டளைகளையே வட்டில் வைத்து அனுப்ப முடிகிறது. கணினியில் அந்த வசதி இல்லை.

இந்த இடத்தில் ஏபிஐ வடிவமைத்தவர்கள்மேலும் குற்றம் உண்டு என்பது என் கருத்து. எல்லா நிலைகளையும் ஒரே கட்டியாக இறுக்கியது அளவுக்கு மீறியது என்பதை வல்கன் தரப்பே பின்னர் ஒருவகையில் ஒப்புக்கொண்டது. பைப்லைனைத் துண்டுகளாகத் தொகுத்துக் கடைசியில் விரைவாக இணைக்க உதவும் நீட்சி 2022இல் வந்தது. பைப்லைனே வேண்டாம், ஷேடர்களைத் தனித்தனியாகவே பொருத்துங்கள் என்று சொல்லும் நீட்சி 2023இல் வந்தது. சுற்றிச் சுற்றி 11இன் வாசலுக்கே வந்து நிற்கிறோம்.

பெங்குவின்பிரியன் எழுதியது:

லினக்ஸில் விளையாடுபவன் என்ற முறையில் ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். பழைய ஏபிஐ, புதிய ஏபிஐ என்று இவற்றை எதிரெதிராக நிறுத்துவதே இன்று பொருந்தாமல் போய்விட்டது, ஏனெனில் எங்கள் கணினிகளில் பழையது புதியதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. டைரக்ட்3டி 9, 10, 11 ஆகியவற்றின் அழைப்புகளை வல்கனாக மாற்றித் தரும் டிஎக்ஸ்விகே என்ற திறந்தமூல நூலகம், விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்ட 2018 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் வெளியிட்ட புரோட்டானின் முதுகெலும்பாக இருக்கிறது. ஸ்டீம் டெக் கருவியில் ஓடும் விண்டோஸ் விளையாட்டுகளில் பெரும்பாலானவை இந்த வழியாகத்தான் திரைக்கு வருகின்றன. நிழலாக்கி சொன்ன 2022ஆம் ஆண்டு நீட்சியை அதே ஆண்டு நவம்பரில் டிஎக்ஸ்விகே 2.0 பயன்படுத்தத் தொடங்கிய பிறகு, அதை ஆதரிக்கும் டிரைவர்களில் முதல்முறை ஓட்டும்போது இருந்த திக்கல் வெகுவாகக் குறைந்தது.

விண்டோஸிலும் இதே கதைதான். 2022இல் இன்டெல் நிறுவனம் ஆர்க் அட்டைகளை வெளியிட்டபோது, 9க்கென்று சொந்த டிரைவர் எழுதாமல், 9ஐ 12ஆக மாற்றும் மைக்ரோசாஃப்டின் மொழிபெயர்ப்பு அடுக்கை நம்பியது. புதிய விளையாட்டுகள் நன்றாக ஓட, 20 ஆண்டு பழைய விளையாட்டுகள் தள்ளாடிய வேடிக்கை அப்போது நடந்தது. பிந்தைய டிரைவர்களில் அது பெரிதும் சீரானது. மறுபுறம், 2016 ஜூலையில் டூம் விளையாட்டுக்கு வல்கன் வந்தபோது ஏஎம்டி அட்டைகளில் பெரிய பாய்ச்சல் தெரிந்தது. அது வல்கனின் வெற்றி என்பதோடு, அந்நாளில் விண்டோஸில் ஏஎம்டியின் ஓப்பன்ஜிஎல் டிரைவர் எவ்வளவு பின்தங்கியிருந்தது என்பதன் அடையாளமும்கூட. ஒப்பீட்டுப் படங்களைப் பார்க்கும்போது எந்த ஏபிஐ வென்றது என்பதோடு, எந்த டிரைவர் தோற்றது என்றும் பார்க்க வேண்டும்.

முக்கோணம் இன்று 11இல் எழுதியதை வைத்துக்கொண்டே இருந்தாலும் நாளை அது ஓடாமல் போய்விடும் என்று அஞ்சத் தேவையில்லை. மாக் கணினியைக் குறிவைத்தால் மட்டும் கதை வேறு: ஆப்பிள் 2014இல் தன் சொந்த ஏபிஐயான மெட்டலை அறிமுகப்படுத்தி, 2018இல் ஓப்பன்ஜிஎல்லைக் கைவிடப்போவதாக அறிவித்துவிட்டது, அங்கே அது 4.1ஆம் பதிப்பைத் தாண்டவே இல்லை.

பட்டறைக்காரன் எழுதியது:

பெங்குவின்பிரியன் சொல்வதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், ஒன்றைத் தவிர. மொழிபெயர்ப்பு அடுக்கு நன்றாக ஓடுகிறது என்பதை வைத்து, கீழே உள்ள புதிய ஏபிஐ வேகமானது என்று முடிவுகட்டக் கூடாது. டிஎக்ஸ்விகே செய்வது என்ன? பஃபருக்குப் பெயர் மாற்றுவது, பேரியர் வைப்பது, நினைவகத்தைப் பங்கிடுவது என்று 11இன் டிரைவர் செய்த வேலையையே அது செய்கிறது. டிரைவரின் மேல்பாதி அட்டை நிறுவனத்தின் மூடிய அறையிலிருந்து வெளியே வந்து, எவரும் படித்துத் திருத்தக்கூடிய ஒரு நூலகமாகிவிட்டது. முன்பெல்லாம் சிறிய விளையாட்டு ஒன்றில் டிரைவர் தவறு செய்தால் நம் குரல் எந்த நிறுவனத்தின் காதிலும் விழாது. அவர்களின் தனிச் சலுகைகள் பெரிய விளையாட்டுகளுக்கு மட்டுமே. இந்த மாற்றத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

முக்கோணம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து வந்து எழுதுகிறேன்.

ரெண்டர்டாக் கருவியில் ஒரு ஃபிரேமைப் பிடித்து எண்ணிப் பார்த்தோம். 6000 என்று நான் சொன்னது நிழலுக்காக மறுபடி வரையப்படுபவற்றையும் சேர்த்த கணக்கு என்பது அப்போதுதான் தெரிந்தது. அவற்றில் 4000க்கும் மேற்பட்டவை வெறும் 11 வகைப் பொருள்கள்: மரங்கள், விளக்குக் கம்பங்கள், வேலித் துண்டுகள். அவற்றை இன்ஸ்டன்சிங்குக்கு மாற்றினோம், எஞ்சியவற்றுக்கு 11.1இன் பெரிய பஃபர் முறையைப் பயன்படுத்தினோம். ஊர் முழுவதும் தெரியும் காட்சி இப்போது 13 மில்லிநொடியில் முடிகிறது. நான்கு மாலைகள்தான் செலவாயின. இன்ஸ்டன்சிங் செய்யத் தெரியாமல் ஏபிஐயைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோமே என்று என் தோழர் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே இந்த விளையாட்டை மாற்றப்போவதில்லை. ஆயினும் கற்றுக்கொள்வதற்காகத் தனியாக வல்கனைத் தொடலாம் என்று ஆசை வந்துவிட்டது. ஒரே ஒரு முக்கோணம் வரைய ஆயிரம் வரி என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

நிழலாக்கி எழுதியது:

அந்த ஆயிரம் வரி 2016 பிப்ரவரியில் வந்த 1.0 பதிப்பின் கணக்கு. 2022 ஜனவரியில் வந்த 1.3ஐ அடிப்படையாக வைத்துத் தொடங்குங்கள். ரெண்டர் பாஸ், சப்பாஸ் என்று கைப்பேசி ஜிபியுக்களை மனத்தில் வைத்து அமைத்த சடங்குகளை 'டைனமிக் ரெண்டரிங்' வசதியால் முழுவதுமாகத் தாண்டிவிடலாம். பேரியர் எழுதும் முறையும் அதில் சீரமைக்கப்பட்டுப் படிக்கத்தக்கதாக இருக்கிறது. பழைய பாடங்களில் ரெண்டர் பாஸ் பக்கங்களைக் கண்டால் அந்தப் பாடத்தையே மூடிவிடுங்கள்.

நினைவகத்தை நீங்களே பங்கிட முயல வேண்டாம். ஒவ்வொரு டெக்ஸ்சருக்கும் தனித்தனியாக நினைவகம் கேட்டால், பல டிரைவர்கள் வைத்திருக்கும் 4096 என்ற எல்லையில் போய் முட்டிக்கொள்வீர்கள். ஏஎம்டி வெளியிட்டுள்ள விஎம்ஏ நூலகம் பெரிய துண்டுகளாக வாங்கி உள்ளே பிரித்துத் தரும். பெரிய எஞ்சின்கள்கூட அதைப் பயன்படுத்துகின்றன. நம் தவறுகளைச் சுட்டிக்காட்டும் வேலிடேஷன் லேயரை முதல் நாளிலிருந்தே இயக்கி வையுங்கள். ஃபிரேம் வேகம் குறைகிறதே என்று அதை அணைத்துவிட்டு எழுதுபவர்கள், இன்னொருவரின் அட்டையில் கறுப்புத் திரையாகத் தங்கள் தவறைச் சந்திக்கிறார்கள். இவ்வளவும் வேண்டாம் என்றால், 2025 ஜனவரியில் வெளிவந்த எஸ்டிஎல் 3 நூலகத்தின் ஜிபியு பகுதியையோ, உலாவிக்கு வெளியேயும் ஓடும் வெப்ஜிபியு நூலகங்களையோ பாருங்கள். பேரியர்களை அவையே பார்த்துக்கொள்ளும், கட்டளைப் பட்டியல் என்ற சிந்தனை மட்டும் உங்களுக்குப் பழகிவிடும். 11இலிருந்து வருபவருக்கு அந்தப் படிக்கட்டு ஏறத் தோதானது.

பழையபெட்டி எழுதியது:

வல்கனில் திரையின் ஒய் அச்சு கீழ்நோக்கிச் செல்லும் என்பதை மட்டும் முன்பே சொல்லிவைக்கிறேன். உங்கள் முதல் முக்கோணம் தலைகீழாக வரும்போது கண்ணாடியைத் துடைக்க வேண்டாம்.